மரத்தூள் வாங்க ஒரு கணக்கு: க்யூஜிஐஎஸ்ஸும் கால்க் சால்வரும்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பம் ஒரு சின்ன பிரிக்கெட் யூனிட் நடத்துகிறது. வாள்பட்டறைகளில் விழும் மரத்தூளை வாங்கி, காயவைத்து, அழுத்திக் கட்டையாக்கி பாய்லர்களுக்கு அனுப்புகிறோம். மெஷினை மாமா பார்த்துக்கொள்வார், கொள்முதல் கணக்கு என் பொறுப்பு. எந்தப் பட்டறையில் எந்த மாதம் எத்தனை லோடு எடுப்பது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க இரண்டு இலவச மென்பொருள்களை ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துகிறேன். வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில் இருக்கும் சால்வர். நாம் போடும் நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடித் தரும் கருவி அது. என்னைப் போலச் சின்ன யூனிட் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் ஓர் ஆலோசகரிடம் பணம் கொடுத்து அறிக்கை வாங்கினோம். யூனிட்டை நடுவில் வைத்து 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் தூள் எல்லாம் நமக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். அந்த வட்டத்தின் மேற்குப் பாதியில் பெரும்பகுதி மலையும் காடும். நம் பக்கத்தில் லாரி மலையைத் தாண்ட ஆரியங்காவுக் கணவாய்தான் முக்கிய வழி. இங்கே பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

க்யூஜிஐஎஸ்ஸில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்தின் சாலைகளை ஏற்றி, ‘சர்வீஸ் ஏரியா’ என்ற கருவியை ஓடவிட்டால், நாம் கொடுக்கும் நேரத்துக்குள் எந்தெந்தச் சாலையில் எதுவரை போய்ச் சேரலாம் என்று வரைந்து காட்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று எடுத்துக்கொள்ளும். புளியரை எஸ் வளைவில் தூள் லோடோடு இறங்கும் லாரி அந்த வேகத்தில் வர முடியாது. அதனால் மலைச்சாலைத் துண்டுகளுக்கு மட்டும் தனியாக 20 என்று வேகம் கொடுத்தேன். படம் மாறிவிட்டது. கிழக்கே தென்காசி, கடையநல்லூர், சுரண்டை பக்கம் விரித்த உள்ளங்கை மாதிரி; மேற்கே தென்மலை வழியாகப் புனலூரைப் பார்த்து நீளும் ஒற்றை விரல். அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அப்புறம் சால்வர். கல்லூரியில் கட்டம் போட்டுக் கையால் செய்த டிரான்ஸ்போர்டேஷன் கணக்குதான். ஒவ்வொரு பட்டறையும் வாரத்துக்கு எத்தனை லோடு தரும், என்ன விலை, லாரி வாடகை எவ்வளவு, நமக்கு எவ்வளவு தேவை என்று எழுதிவிட்டு, மொத்தச் செலவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். லோடு முழு எண்ணாக வர வேண்டும் என்றும் நிபந்தனை போடலாம், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். முதல் விடை ரப்பர் மரம் அறுக்கும் பட்டறைகளிலேயே முக்கால்வாசி லோடை எடுக்கச் சொன்னது. டன் விலை அங்கேதான் குறைவு. மாமாவிடம் காட்டினேன்.

“ஏம்மா, ஆனி ஆடியில அந்தத் தூளைக் கையில புடிச்சுப் பாத்திருக்கியா? புடிச்ச உருண்டை அப்படியே நிக்கும்.”

அவர் சொன்ன ஈரத்தைக் கணக்காக்கினேன். 50 சதவீத ஈரத்தில் 10 டன் தூள் வந்தால் அதில் 5 டன் தண்ணீர். கட்டையாக அழுத்தும் பிரஸ்ஸுக்குப் போக ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அப்போது கையில் நிற்பது சுமார் 5.6 டன். அதே 10 டன் 25 சதவீத ஈரத்தில் வந்தால் 8.3 டன் நிற்கும். லாரி வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான். டிரையர் போட்டால், தூளை எரித்துத்தான் தூளைக் காயவைக்க வேண்டும், அந்தச் செலவு தனி.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2006 வாக்கில் சோகன்சஞ்ச் குழு செய்த இப்சால் என்ற கம்ப்யூட்டர் மாதிரி, மக்காச்சோளத் தட்டையை அறுத்துக் கட்டி ஆலைக்குக் கொண்டுபோவதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடத்திப் பார்த்தது. வானிலையையும் தட்டையின் ஈரத்தையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதைப் படித்தபோது மாமா ஞாபகம்தான் வந்தது. என் தாளில் டன் விலையை எடுத்துவிட்டு, காய்ந்த டன்னுக்கு என்ன செலவு என்று மாற்றினேன். ஈரத்தை மாதவாரியாகக் கொடுத்தேன். சாரல் மாதங்களுக்கு விடை தலைகீழாக வந்தது. மழை மறைவில் இருக்கும் சங்கரன்கோவில் பக்கத்துத் தூள், தூரமும் விலையும் கூடினாலும் அப்போது லாபம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது கையிருப்பு வரிசை. போன மாத மிச்சம், இந்த மாத வரவு, செலவு என்று மாதங்களைக் கோத்தால், வைகாசி முடிவதற்குள் ஷெட்டைக் காய்ந்த தூளால் நிரப்பச் சொல்கிறது. ஈரத்தோடு குவித்தால் குவியல் உள்ளுக்குள்ளேயே சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். அதனால் காய்ந்தது மட்டுமே ஷெட்டுக்குள் போகலாம் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கால் முடியாததும் உண்டு. சால்வருக்கு மாதச் சராசரி ஒன்றைத்தான் கொடுக்கிறேன். பத்து நாள் விடாமல் தூறினால் தூள் காயவைக்கும் களம் என்ன ஆகும் என்று அது சொல்லாது. அதற்கு இப்சால் போல நாள்வாரியாக நடத்திப் பார்க்கும் மென்பொருள் வேண்டும், அதை நான் இன்னும் தொடவில்லை. க்யூஜிஐஎஸ்ஸும் முதல் இரண்டு வாரம் தலை சுற்ற வைக்கும். வேலை தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்தால் சீக்கிரம் பிடிபடும். எட்டு ஜிபி லேப்டாப் போதும். எங்கள் இரண்டு மாவட்டத்துச் சாலைகளை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டால் வேகமாக ஓடுகிறது.

மென்பொருளுக்குச் செலவு இல்லை. நாங்கள் காசு போட்டு வாங்கியது ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு லோடும் இறங்கும்போது மாமா முதலில் கையால் பிடித்துப் பார்த்து ஒரு எண் சொல்கிறார், பிறகு மீட்டரை வைக்கிறார். இரண்டையும் ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார். சனிக்கிழமை சாயங்காலம் நான் அதைத் தாளில் ஏற்றிவிட்டு அடுத்த வார லோடுகளுக்குப் போன் போடுகிறேன்.