பேடு மட்டுமா, லேத்தா, புது டிஸ்க்கா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டியை நிறுத்தினால் முன் சக்கரங்களில் தீய்ந்த வாடை அடிக்கும். அது பழகியதுதான். இந்த முறை புதிதாக ஒன்று: பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் நடுக்கம். வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இறுக்கும் பேடில் 3 மி.மீ. கூட மிச்சமில்லை. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் ஓரத்தில் நகம் இடறும் அளவுக்கு ஒரு விளிம்பு.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. பேடை மட்டும் மாற்றலாம். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து, அதோடு புதுப் பேடு போடலாம். இரண்டையுமே புதிதாக வாங்கி மாட்டலாம். வெவ்வேறு சமயங்களில் மூன்றையும் என் வீட்டு வாசலிலேயே செய்து பார்த்தாயிற்று. வண்டி, முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள சாதாரண ஹேட்ச்பேக். ஆகவே பேச்சு முன் பிரேக்கைப் பற்றி மட்டும்.

பேடை மட்டும் மாற்றுவதுதான் செலவும் வேலையும் குறைந்தது. பல கார்களில், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அதை மேலே தூக்கினாலே பேடு கையோடு வந்துவிடும். சி-கிளாம்ப் வைத்து பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிவிடுங்கள். வழிந்து பாடியில் பட்டால் பெயின்ட் போய்விடும். நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு, முதல் தடவை பேடு தேயும்போது இது பெரும்பாலும் போதும். டிஸ்க் வழவழப்பாக இருக்க வேண்டும், நடுக்கம் இருக்கக் கூடாது. வரிவரியாகப் பள்ளம் விழுந்த டிஸ்க்கில் சமதளமான புதுப் பேடைப் போட்டால், அது மேடுகளில் மட்டுமே உரசும். படிந்து உட்காரும்வரை பிரேக் மந்தமாகத்தான் இருக்கும். நடுக்கமோ அப்படியே தொடரும்.

லேத் விஷயத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். லாரி பாடி கட்டும் ஊரான நாமக்கல்லில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. புது டிஸ்க் விலையோடு பார்த்தால் கடைசல் கூலி அற்பம். நானும் ஒரு முறை அந்த ஆசையில் கொடுத்தேன். கண்ணாடி போல வந்தது. சில மாதம் நன்றாக ஓடியபின் அதே நடுக்கம். பட்டறைக்காரர் மேல் தப்பில்லை. லேத்தில் டிஸ்க் சுழல்வது லேத்தின் அச்சில். காரிலோ, சக்கரம் மாட்டும் ஹப்பின் மேல். இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி துரு இருந்தாலும் டிஸ்க் மயிரிழை கோணலாகச் சுற்றும். பெரும்பாலான கார்களில் அனுமதிக்கும் கோணலே 0.1 மி.மீ.க்குள்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் லேசாக உரசி உரசி, டிஸ்க் அங்கே மட்டும் தேய்ந்து தடிமன் ஏற்ற இறக்கமாகிவிடும். “டிஸ்க் வளைஞ்சிடுச்சு” என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது கணக்கு. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 22 மி.மீ. என்றால், பொதுவாக 20 வரைதான் தாங்கும். என்னுடையது 20.8 காட்டியது. பள்ளம் போகப் பக்கத்துக்கு 0.4 கடைந்தாலே சரியாக 20! மாட்டும் நாளிலேயே ஆயுள் முடிந்த டிஸ்க். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும் என்பதால் மலை இறங்குகிறவனுக்கு அது ஆகவே ஆகாது. அளக்கும்போது ஒரு சூட்சுமம்: வெர்னியரை நேரே வைத்தால் ஓரத்து விளிம்பில் உட்கார்ந்து பொய் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள்.

ஆக, இந்த முறை புது டிஸ்க், புதுப் பேடு. செலவு கூடுதல்தான். சென்னைப் பாடியின் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்றவை கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் தருபவை. அவர்கள் சொந்தப் பெயரில் விற்பதை விசாரித்தால் பில் கொஞ்சம் இறங்கும். வேலை என்று பார்த்தால், பேடு மாற்றுவதைவிடக் கூடுதலாக காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகள், அவ்வளவுதான். ஆனால் அவை இறுகிக் கிடக்கும். நீளப் பிடி இல்லாமல் முட்டி மோதாதீர்கள். ஹப்போடு ஒட்டிக்கொண்ட டிஸ்க்கைச் சுத்தியலால் அடிக்கும் முன் அதன் முகத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். காலிப்பரைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்க விடுங்கள், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் பாரம் ஏறக் கூடாது. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுக்கும் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால், லேத்தில் எனக்கு நடந்தது புது டிஸ்க்கிலும் நடக்கும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தாக வேண்டும். காலிப்பர் பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும்.

சரி, இதை ஷெட்டில் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். பின்னாலும் டிஸ்க், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால் பின் பிரேக் வேலையைக் கொடுப்பதே நல்லது, பல வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் வேண்டியிருக்கும். ஜாக் ஸ்டாண்ட் இல்லாதவர்களும் கொடுத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே கை விடக் கூடாது. நான் ஸ்டாண்டும் வைத்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளிவிடுவேன். மற்றபடி வீட்டில் செய்வதில் எனக்குப் பிடித்தது, அந்த ஹப் தேய்க்கும் வேலையை யாரும் அவசரத்தில் விட்டுவிடமாட்டார்கள் என்பதுதான். கூலி மிச்சம் எல்லாம் அப்புறம்.

எந்த வழியில் போனாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். முடித்ததும் முதல் மிதிக்கு பெடல் தரை வரை போகும். கெட்டியாகும்வரை மிதித்துவிட்டுத்தான் கியரைத் தொட வேண்டும். மறுநாள் விடியற்காலையில், சேலம் போகும் நாற்கரச் சாலையில் ஆளில்லாத இடம் பார்த்து, புதுப் பேடு டிஸ்க்கில் படிய, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை பத்து தடவை நிதானமாக வேகத்தைக் குறைத்தேன், முழுசாக நிறுத்தாமல். அப்புறம் பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டேன். நடுக்கம் இல்லை. புதுப் பேடின் வாடை மட்டும் சிறிது நேரம் இருந்தது.