த்ரெஷோல்டா, ஹாஃப்டோனா: ஸ்கிரீன் பிரிண்ட் போஸ்டருக்கு எது?

த்ரெஷோல்டு படத்தைச் சாம்பலே இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளையாக்கும்; ஹாஃப்டோன் சாயலைச் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக்கும். போட்டோஷாப்பில் இந்த ரெண்டில் எதை எடுப்பது என்பதைப் படம்தான் முடிவு செய்யும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் மாதிரி வெயிலும் நிழலும் பளிச்சென்று பிரிந்து நிற்கிற படமா, யோசிக்கவே வேண்டாம், த்ரெஷோல்டுதான். எந்த அளவுக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை என்று பிரிக்கிற, 128-இல் நிற்கும் ஸ்லைடரை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினால், சிற்பங்களுக்கு நடுவே அப்பிக்கிடக்கும் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகி ஒவ்வொரு தளமும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும், அது அவ்வளவு அழகு. அதையே மூன்று லேயராக்கி, ஒவ்வொன்றிலும் வேறு அளவு, வேறு நிறம் கொடுத்து மல்டிப்ளையில் (கீழே உள்ள நிறத்தோடு கலந்து அடர்த்தியாக்கும் பிளெண்ட் மோடு) வைத்தால், நிஜமாகவே மூன்று மை ஒன்றின் மேல் ஒன்று ஏறியது போல இருக்கும்.

ஆனால் குறுவை வயலும் மேலே மேகமுமாக, சாயல் மெதுவாக மாறுகிற படத்தை த்ரெஷோல்டு திட்டுத்திட்டாக்கிவிடும். அங்கே ஹாஃப்டோன். முதலில் படத்தைச் சாம்பல் சாயல்களாக்கும் கிரேஸ்கேல், அப்புறம் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே இருக்கும் பிட்மேப் மோடில் ஹாஃப்டோன் ஸ்கிரீன், வட்டப் புள்ளி, 45 டிகிரி. புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் அங்குலத்துக்கு 25, 30 புள்ளி வரிசை போதும். நிறம் கூடினால் ஒவ்வொரு நிறத்தின் கோணத்தையும் 30 டிகிரி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வேண்டாத கட்டம் கட்டமாக ஒரு கோலம் விழும்.

மஞ்சப்பையில் அச்சடிக்கவா? சொரசொரப்பான துணியில் சின்னப் புள்ளிகள் நிற்காது, த்ரெஷோல்டே சரி. காகிதப் போஸ்டர் என்றால் என் கை போவது ரெண்டுக்கும் சேர்த்துத்தான்: கோபுரம் த்ரெஷோல்டில், பின்னால் வானம் மட்டும் ஹாஃப்டோனில்.