பழைய ட்ரையர்: டைமருக்கு கும்பிடு, பஸ்ஸருக்கு வசவு

என்னோட பழைய துணி காய வைக்கற ட்ரையருக்கு டிரம் பெல்ட்டும், அந்த பெல்ட்ட இழுத்து பிடிக்கற ஐட்லர் புல்லியும் மாத்தியாச்சு, கிரீச் கிரீச்னு கத்தினது நின்னாச்சு, மெஷின் இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது. அதனாலயே இப்ப வேலை முடிஞ்சா கத்தற அந்த பஸ்ஸர் இன்னும் நல்லா கேக்குது. டிரம் எவ்வளவு பெருசு, எத்தனை வாட்ஸ்ங்கறதெல்லாம் கதவோரம் இருக்கற தகட்டுலயே அடிச்சிருப்பான், அதை நான் எழுதப்போறதில்ல. ரொம்ப நாளா இதை தினமும் ஓட்டறவன்ங்கற முறையில டைமர் பத்தியும் பஸ்ஸர் பத்தியும்தான் எழுதப்போறேன், மத்ததெல்லாம் போற போக்குல.

என்கிட்ட இருக்கறது ரெண்டு. ஒண்ணு சும்மா அழகுக்கு நிக்குது. தினமும் உழைக்கறது 1960கள்ல வந்த எலக்ட்ரிக் மாடல். கம்பெனி பேரு வேணாம், திட்டப்போறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன், இல்லன்னா பாவம். இதுல 'ஆட்டோ'ன்னு ஒரு செட்டிங் இருக்கு. போர்டு கிடையாது, சிப் கிடையாது, ஈரத்தை அளக்கற சென்சாரும் கிடையாது, ஆனா துணி காஞ்சுதா இல்லையான்னு இதுக்கு தெரியும். எப்படின்னா, துணி ஈரமா இருக்கறப்ப ஹீட்டர் குடுக்கற சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்கவே செலவாயிடும், அதனால டிரம்ம விட்டு வெளிய போற காத்து ரொம்ப சூடாகாது. அந்த காத்து போற வழியில ஒரு தெர்மோஸ்டாட், அதாவது சூட்ட பாத்து தானா ஆன் ஆஃப் ஆகற ஸ்விட்ச், உக்காந்திருக்கு. அது ஹீட்டர ஆஃப் பண்ற வரைக்கும் டைமர் மோட்டாருக்கு கரண்டே போகாது, டிரம் பாட்டுக்கு சுத்தும், கடிகாரம் மட்டும் நிக்கும். துணி காய ஆரம்பிச்சதும் காத்து சூடேறும், தெர்மோஸ்டாட் ஹீட்டர அணைக்கும், அணைஞ்சிருக்கற அந்த கொஞ்ச நேரம் மட்டும் டைமர் லேசா நகரும். திரும்ப ஹீட்டர் ஏறினா திரும்ப டைமர் நிக்கும். அவ்வளவுதான் மொத்த மூளையும். ஒரு தெர்மோஸ்டாட், ஒரு குட்டி மோட்டார், ரெண்டு மூணு ஒயர்.

கனமான டவல் ஒரு லோடு போட்டுட்டு டைமர திருகற நாப்பையே பாத்துட்டு நின்னா ரசனையா இருக்கும். போட்ட இடத்துலயே அசையாம கிடக்கும், ரிப்பேரோன்னு சந்தேகம் வர்ற அளவுக்கு. அப்புறம் உள்ள 'டிக்'னு ஒரு சத்தம், நாப் ஒரு நூலளவு நகரும், திரும்ப 'டிக்', திரும்ப நின்னுடும். போகப்போக அந்த டிக் நெருக்கி நெருக்கி வரும், அப்ப துணி காஞ்சுட்டு வருதுன்னு அர்த்தம். புது மெஷின்ல '30 நிமிஷம்'னு காட்டும், போய் பாத்தா 41ன்னு காட்டும், அப்புறம் கடைசி ஒரு நிமிஷத்துலயே கால் மணி நேரம் நிக்கும். இது அந்த மாதிரி பொய் சொல்லாது, ஏன்னா எத்தனை நிமிஷம்னு வாயே திறக்கறதில்ல.

நியாயமா சொல்லணும்னா இதுக்கும் ஒரு ஓட்டை இருக்கு. ரெண்டே ரெண்டு சட்டை போட்டா ஏமாந்துடும். டிரம் காலியா கிடக்கறதால சூடு காத்து துணிய தொடாமலே வெளிய போயிடும், தெர்மோஸ்டாட் சீக்கிரமே அணைக்கும், டைமர் ஓடி முடிஞ்சிடும், காலர் மட்டும் ஈரமா இருக்கும். புதுசுல டிரம்முக்குள்ள ரெண்டு உலோக பட்டை வச்சு துணி ஈரத்த தொட்டே பாக்கறான், அது இந்த விஷயத்துல கில்லாடிதான். ஆனா துணியோட சேர்த்து போடற வாசனை ஷீட் போட்டு போட்டு அந்த பட்டைல மெழுகு மாதிரி படிஞ்சா அதுவும் உளற ஆரம்பிச்சிடும்.

இப்ப பஸ்ஸருக்கு வருவோம்.

ஒரு காயில், அது முன்னாடி ஒரு தகடு, கரண்ட் போனா தகடு அதிரும். அதுதான் பஸ்ஸர். டிங்கும் இல்ல டாங்கும் இல்ல, 'ர்ர்ர்ர்ர்'னு நேரா மண்டைக்குள்ள இறங்கும். சரி, ஒரு செகண்ட் கத்திட்டு நின்னா போகட்டும்னு விடலாம். நிக்காது. டைமருக்குள்ள மேடு பள்ளமா ஒரு கேம் சக்கரம் சுத்துது, கடைசி பள்ளத்துல விழறப்ப பஸ்ஸர் கான்டாக்ட் மூடும், அந்த பள்ளத்த தாண்டினாதான் திறக்கும். டைமர் நத்தை வேகத்துல போறதுதான் இந்த மெஷினோட அழகுன்னு மேல புகழ்ந்து தள்ளினேன்ல, அதே நத்தைதான் இந்த பள்ளத்தையும் தாண்டணும். கேம் ஓரம் தேஞ்சு போனதால பள்ளம் வேற அகலமாயிடுச்சு. நடுராத்திரி ஒரு லோடு போட்டா வீடே முழிச்சுக்கும், அம்மா படுக்கையிலேர்ந்தே "டேய், அத போய் அமுக்குடா"ன்னு கத்துவாங்க, நாப்ப கையால ஆஃப் வரைக்கும் தள்ளினாதான் அடங்கும்.

ஒயர கழட்டி விட்டுடலாமேன்னு கேப்பீங்க. தாராளமா கழட்டலாம். ஆனா பாலியஸ்டர் கலந்த துணிக்காக கடைசி சில நிமிஷம் சூடு இல்லாம வெறும் காத்துல சுத்தி ஆற வைக்கற வேலை இதுல இருக்கு, அது முடிஞ்ச உடனே துணிய எடுத்து மடிச்சாதான் சுருக்கம் விழாது. டிரம்முக்குள்ளயே குவிஞ்சு கிடந்தா போச்சு, அயர்ன் பாக்ஸ் எடுக்கணும். அதனால கத்தறதுல ஒரு நியாயம் இருக்குங்கறது இன்னும் எரிச்சல். சில மாடல்ல சத்தத்த கூட்ட குறைக்க தனியா ஒரு நாப் குடுத்திருப்பான், எனக்கு அந்த பாக்கியம் இல்ல. 1950கள்ல வெஸ்டிங்ஹவுஸ் ட்ரையர் சிலதுல வேலை முடிஞ்சா ஒரு பாட்டு மெட்டே வாசிக்குமாம், கேட்டாலே வயிறு எரியுது.

பழைய ட்ரையர் சேர்க்கற ஆசை இருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இந்த கதையெல்லாம் ஆரம்பிச்சது அமெரிக்காவுல, 1938ல ஹாமில்டன் கம்பெனி 'ஜூன் டே'ங்கற பேர்ல விட்ட ட்ரையர்லேர்ந்து. கதவுல கண்ணாடி ஜன்னல் வச்சு உள்ள துணி உருள்றத கடையில காட்டுங்கன்னு யோசனை சொன்னது ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ்ங்கற டிசைனர். ஜன்னல் வச்ச பழசு கிடைச்சா விடாதீங்க. என்கிட்ட அழகுக்கு நிக்கறதும் அந்த ஜன்னலுக்காக வாங்கினதுதான்.

ஆனா ஓட்டணும்னா கொஞ்சம் உஷார். அமெரிக்க எலக்ட்ரிக் மாடல்ல ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டாருக்கும் டைமருக்கும் 120 வோல்ட், ரெண்டும் ஒரே மெஷினுக்குள்ள. அங்க இருக்கற 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு செஞ்சத 50 ஹெர்ட்ஸ் கரண்டுல போட்டா டைமரோட ஒரு மணி நேரம் 72 நிமிஷமாயிடும், டிரம்மும் காத்தாடியும் கூட மெதுவாகும், காத்து குறைஞ்சா உள்ள சூடு ஏறும். பஸ்ஸரும் அதே கணக்குல நீளும், யோசிச்சுக்கங்க. பழசு நிறைய மாடல்ல சூடு மீறினா கரண்ட வெட்டற தெர்மல் ஃபியூஸ் கிடையாது, அதனால துணி பஞ்ச பிடிக்கற லின்ட் ஃபில்டர ஒவ்வொரு லோடுக்கும் வழிக்கணும், வெளிய போற குழாயையும் அப்பப்ப பிரிச்சு பாக்கணும், பஞ்சு தீப்பிடிச்சா விளையாட்டில்ல. ரொம்ப பழசா இருந்தா உள்ள நுரையீரலுக்கு ஆகாத ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பாக்காம பிரிச்சு ஊதாதீங்க. கரண்ட் பில் பத்தி கேக்காதீங்க, இப்ப வர்ற, கரண்ட் கம்மியா தின்ற ஹீட் பம்ப் மெஷின் பக்கத்துல நிக்கவே இதுக்கு யோக்யதை இல்ல.

ரிப்பேர் விஷயத்துல குறை சொல்ல மாட்டேன். பெல்ட், ரோலர், புல்லி எல்லாம் இன்னிக்கும் புதுசா வாங்கி போட முடியுது, ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும். டைமர்தான் வம்பு. எனக்கு தேவையான டைமர் புதுசா வர்றதில்ல, செத்த மெஷின்லேர்ந்து பிடுங்கினாதான் உண்டு. உள்ள கிரீஸ் காஞ்சு பிசினாயிடுச்சுன்னா சுத்தம் பண்ணி ஓட்டலாம், தேஞ்ச கேமுக்கு மருந்தே இல்ல.

இவ்வளவும் கேட்டுட்டு ஒரு ஃப்ரெண்ட், "மச்சான், இதே மாடல் ஒண்ணு சும்மாவே தர்றாங்க, எடுத்துக்கட்டுமா"ன்னான். வேணாம்டா, நிம்மதியா தூங்குன்னு சொன்னேன். சொல்லிட்டு, அட்ரஸ எனக்கு அனுப்பு, வண்டி எடுத்துட்டு நானே போய் தூக்கிக்கறேன்னேன். அதுல டைமர் நல்லா இருந்தா பஸ்ஸர் கொஞ்சமாச்சும் சீக்கிரம் வாய மூடும்ல.