களப்பணி அலுவலகம் யார் கையில் இருக்க வேண்டும்? மூன்று ஏற்பாடுகள், ஓர் அலசல்

சமூகப்பணிப் படிப்பில் களப்பணி, அதாவது மாணவர் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையோடு செய்யும் பயிற்சி, ஓரத்து வேலை அல்ல. அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரமும் முதுநிலைக்கு 900 மணி நேரமும் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் 1000 மணி. இங்கிலாந்தில் 200 நாள், அதில் அதிகபட்சம் 30 நாளைத் திறன் பயிற்சிக்கு ஒதுக்கலாம், மீதியெல்லாம் களத்தில். இவ்வளவு நேரத்தையும் ஏற்பாடு செய்கிற அலுவலகத்துக்கு யாரைப் போடுவது, எத்தனை பேரைப் போடுவது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். யார் கை கொஞ்சம் காலியாக இருக்கிறதோ அவர் தலையில் விழும்.

பொதுவாக மூன்று ஏற்பாடுகளைப் பார்க்கலாம்: துறை ஆசிரியர்களே பகிர்ந்து பார்ப்பது, துறைக்குள் தனி அலுவலகம் வைப்பது, பல படிப்புகளுக்கும் சேர்த்து ஒரே பொது அலுவலகம் நடத்துவது. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன். மாணவருக்குக் களப்பணி இடம் பிடித்துக் கொடுத்தவரே, அந்த இடத்தில் சிக்கல் வந்தால் போனை எடுப்பவராகவும் இருக்கிறாரா?

ஆசிரியர்கள் பார்க்கும் ஏற்பாட்டில் இதற்கு 'ஆம்' என்றே பதில் வரும், குறைந்தபட்சம் காகிதத்தில். ஒருவர் ஒருங்கிணைப்பாளர், மற்றவர்கள் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுக்குத் துறை மேற்பார்வையாளர். களப்பணி அறிக்கையைப் படிப்பவரும், தனிநபர் கலந்தாய்வில் உட்காருபவரும், வகுப்பில் கோட்பாடு நடத்துபவரும் ஒருவரே. இந்தத் தொடர்ச்சிக்கு ஈடு இல்லை. ஒரு குடும்பத்தைச் சந்தித்துவிட்டு வந்து "அவர்கள் ஒத்துழைக்கவில்லை" என்று மாணவர் எழுதினால், அந்த ஒரு வரியை வைத்தே அரை மணி நேரம் பேசத் தெரிந்தவர் வேண்டும். அது ஆசிரியருக்கு வரும்.

சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. 120 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு முறை நிறுவனத்துக்கு நேரில் போவது என்று வைத்துக்கொண்டால் 240 வருகைகள். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போட்டால் 120 வேலை நாள். ஒரு முழுநேர ஊழியரின் ஆண்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். இடம் தேடுவது, புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவது, நிறுவன மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் இனிமேல்தான். இதற்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கிடையாது, கட்டுரை எழுதினால் உண்டு. அப்புறம் என்ன, பொறுப்பு மெல்ல நகர்ந்து புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளரிடம் போய் நிற்கும். அவர் வேறு கல்லூரிக்கு மாறினால் அவர் கைபேசியில் இருந்த நிறுவனத் தொடர்புகளும் கூடவே போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் அமெரிக்கக் கவுன்சிலின் 2015 தர விதிகள், களப்பணி இயக்குநருக்கு நிர்வாகத்துக்கென்றே இளநிலைத் திட்டத்தில் குறைந்தது 25 சதவீதமும் முதுநிலைத் திட்டத்தில் 50 சதவீதமும் நேரம் ஒதுக்கச் சொல்லின. சமூகப்பணியில் முதுநிலைப் பட்டமும், பட்டம் பெற்றபின் குறைந்தது இரண்டு ஆண்டுக் கள அனுபவமும் கட்டாயமாக இருந்தன. நல்ல விதி. ஆனால் 'குறைந்தது' என்று எழுதியதை நிர்வாகம் 'இவ்வளவு போதும்' என்று படிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

இனி தனி அலுவலகம். ஓர் இயக்குநர், ஓரிரு ஒருங்கிணைப்பாளர்கள், ஓர் அலுவலக உதவியாளர். 100 மாணவர்களைத் தாண்டிய எந்தத் திட்டத்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒன்று, முதலில் நியமிக்க வேண்டியது இரண்டாவது ஒருங்கிணைப்பாளரை அல்ல, அலுவலக உதவியாளரை. சமூகப்பணி படித்து, களத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரை உட்கார வைத்து, காவல்துறைச் சான்று வந்ததா, தடுப்பூசி அட்டை வந்ததா, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்ததா என்று துரத்த விடுவது வீண். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேறு திறமை வேண்டும், அது உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, இயக்குநருக்குப் பாடத்திட்டக் குழுவில் இருக்கையும் ஓட்டும் வேண்டும். தனி அலுவலகத்தின் பெரிய நோயே இதுதான்: ஆசிரியர்கள் ஒருபுறம், 'அலுவலகத்துக்காரர்கள்' மறுபுறம். ஒப்பந்த ஊழியர்கள் என்றால் இன்னும் மோசம். மனநலப் பாடம் இரண்டாம் பருவத்தில் இருக்கும், மாணவர் முதல் பருவத்திலேயே மனநல மருத்துவமனையில் நிற்பார். இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பொது அலுவலகத்தை நிர்வாகிகளுக்கு மிகவும் பிடிக்கும். செவிலியர், பிசியோதெரபி, ஆசிரியர் பயிற்சி, சமூகப்பணி எல்லாவற்றுக்கும் ஒரே இடம், ஒரே மென்பொருள், ஒரே சட்ட ஆலோசகர். காப்பீடு, பின்னணிச் சோதனை, ஒப்பந்தம் ஆகியவற்றில் இது உண்மையிலேயே வேகம். பெரிய மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒருவரிடம் பேசினால் போதும் என்பது நிம்மதி.

ஆனால் மற்றப் படிப்புகளின் தர்க்கம் பெரும்பாலும் எண்ணிக்கைதான்: இந்த வார்டில் எத்தனை பேர், எந்த ஷிப்ட். சமூகப்பணியில் இடம் என்பது பொருத்தம். அண்மையில் பெற்றோரை இழந்த மாணவரை வலிதணிப்புப் பிரிவுக்கு அனுப்பலாமா? சிறுவயதில் ஒரு குழந்தைகள் நல அமைப்பின் பராமரிப்பில் வளர்ந்தவரை அதே அமைப்புக்கு அனுப்பலாமா? இதையெல்லாம் விண்ணப்பப் படிவத்தில் யாரும் எழுத மாட்டார்கள், நேரில் உட்கார்ந்து பேசினால்தான் வெளியே வரும். இரண்டே ஊழியர்களோடு நடக்கும் சிறு தொண்டு நிறுவனத்துக்கு, பெரிய மருத்துவமனைக்குப் போகும் அதே தடித்த ஒப்பந்தக் கட்டு போனால், அடுத்த ஆண்டு அவர்கள் பதிலே எழுத மாட்டார்கள். காகித வேலையைப் பொது அலுவலகத்துக்குக் கொடுங்கள். யார் எங்கே என்ற முடிவைத் துறையில் வைத்துக்கொள்ளுங்கள். கலப்பு ஏற்பாடுதான், ஆனால் கோடு தெளிவாக இருந்தால் ஓடும்.

ஏற்பாடு எதுவானாலும் உள்ளே வேலையைப் பிரிக்கும் விதம் தனிக் கதை. வட்டாரவாரியாகப் பிரித்தால் பயணம் குறையும். மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் நலம் என்று துறைவாரியாகப் பிரித்தால் ஒருங்கிணைப்பாளருக்கு அந்த உலகத்தின் மொழி தெரியும். ஆண்டுவாரியாகப் பிரித்தால் மாணவருக்கு நல்லது, ஆனால் ஒரே நிறுவனத்துக்கு ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் போன் செய்வார்கள். எதை எடுத்தாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பிரிவு ஒன்று உண்டு: இடம் பிடிக்க ஒருவர், பார்வையிட ஒருவர், பிரச்சினை வந்தால் இன்னொருவர். ஆறாவது வாரத்தில் நிறுவன மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போகிறார். மாணவர் மூன்று பேருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார், மூவரும் மற்ற இருவரைக் காட்டுகிறார்கள். பழைய இடத்தின் குணம் தெரியாதவர் புதிய இடம் தேட வேண்டிய நிலை. மணிக்கணக்கு நின்றுபோய், பருவமும் தள்ளிப்போகும்.

பார்வையிட ஓய்வுபெற்ற சமூகப்பணியாளர்களைப் பகுதிநேரமாக எடுப்பது நல்ல யோசனை. அனுபவம் கொட்டிக் கிடக்கும். ஆனால் ஒரு மாணவரைத் தேர்ச்சி பெறவில்லை என்று அறிவிக்கும் இடத்தில் அவர்களைத் தனியே நிறுத்தக் கூடாது, அங்கே இயக்குநர் கூட இருக்க வேண்டும். நிறுவனத்தில் தகுதியுள்ள சமூகப்பணியாளரே இல்லையென்றால் அந்த மேற்பார்வையைப் பல்கலைக்கழகம் வெளியிலிருந்து தர வேண்டியிருக்கும். இந்த மணி நேரத்தை ஆள்கணக்கில் சேர்க்க மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோனியா, டெவெரா போன்றவை மணிக்கணக்கையும் படிவங்களையும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். எந்த மேற்பார்வையாளர் மாணவரை நகல் எடுக்க மட்டும் பயன்படுத்துகிறார் என்பதை யாராவது குறிப்புப் பகுதியில் தட்டச்சு செய்தால்தான் அதற்குத் தெரியும்.

சரி, 30 மாணவர்கள், ஒரே ஒரு பணியிடம் மட்டும் என்றால்? பாதிநேர ஆசிரியர் ஒருவரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டு, மிச்சப் பாதிக்கு அலுவலக உதவியாளர் ஒருவரை எடுங்கள். ஒருங்கிணைப்பாளருக்கான நேர்காணலில் இதைக் கேளுங்கள்: "திங்கட்கிழமை முதல் உங்கள் மாணவரை அனுப்ப வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை மாலை ஒரு நிறுவனம் சொல்கிறது. முதலில் யாரிடம் பேசுவீர்கள்?" மாணவரிடமா, மேற்பார்வையாளரிடமா என்பது அவரவர் விருப்பம். துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புவேன் என்பவரை மட்டும் எடுக்காதீர்கள்.