தெறித்தோடும் குண்டு: எந்த ரைஃபிள் தோட்டாவில் ஆபத்து அதிகம்?

வேட்டையில் குறி தவறிய குண்டும், விலங்கைத் துளைத்து மறுபக்கம் வெளியேறிய குண்டும் தரையைத் தொட்டவுடன் புதைந்துவிடும் என்று நம்ப இடமில்லை. கல், தண்ணீர், இறுகிய மண் ஆகியவற்றில் தாழ்ந்த கோணத்தில் உரசும் குண்டு திசை மாறி எழுந்து, சுட்டவர் பார்த்திராத இடத்துக்குப் போய்ச் சேரக்கூடும். எந்தக் குண்டு அதிகம் தெறிக்கும் என்று கேட்டால், வேகமும் வலுவும் மிகுந்த ரைஃபிளின் குண்டுதான் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலான சூழல்களில் அந்த விடை தவறு.

முயல் வேட்டைக்குப் பழக்கமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள உருண்டை முனை ஈயம். குழல் வாயில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 330 முதல் 380 மீட்டர். இந்த வேகம் ஈயத்தின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கப் போதுமே தவிர, குண்டைச் சிதறடிக்கப் போதாது. ஆகவே எடையில் பெரும்பகுதி ஒரே துண்டாக எஞ்சி, சீழ்க்கை போன்ற ஒலியோடு எழுந்து பறக்கிறது. மோதும்போது விரிவதற்காக முனையில் குழி விட்ட குழிமுனைக் குண்டு இதை ஓரளவு குறைக்கும் என்றாலும், ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும் தோட்டாக்களில் அந்தக் குழி மண்ணில் விரியாமலே போவதும் உண்டு என்பதால், அதை நம்பிப் பின்னணி பாராமல் சுடுவது சரியல்ல.

இதற்கு நேர் எதிரே நிற்பது .223 ரெமிங்டன். 55 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 980 மீட்டர் வேகத்தில் செலுத்தும் இந்தத் தோட்டாவின் ஆற்றல், .22 தோட்டாவினுடையதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஆயினும் மெல்லிய செம்பு உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட சிறுவிலங்கு வேட்டைக் குண்டு இந்த வேகத்தில் தரையில் மோதினால் பெரும்பாலும் பொடிந்துவிடும். 2002-இல் வந்த .17 ஹெச்.எம்.ஆர். தோட்டாவின் 17 கிரெய்ன் குண்டும் இதே இயல்புடையது; .22-ஐ விட்டு அதற்கு மாறியவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இந்த நன்மை தோட்டாவின் பெயரைச் சார்ந்தது அல்ல. அதே .223-இல் முழு உலோக உறைக் குண்டைப் போட்டால் நிலைமை மாறிவிடும், ஏனெனில் அது உருவம் குலையாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. தொலைவு கூடி வேகம் குறையும்போது மெல்லுறைக் குண்டும் உடையாமல் தப்பிவிடலாம்.

பெருவிலங்கு வேட்டையில் போட்டி வேறு வகையானது. ஈய உள்ளகமும் திறந்த ஈய முனையும் கொண்ட மென்முனைக் குண்டு ஒரு பக்கம். 1989-இல் பார்ன்ஸ் நிறுவனம் எக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது முதல் பரவிய முழுச் செம்புக் குண்டு மறுபக்கம். செம்புக் குண்டு எடையை ஏறத்தாழ முழுமையாகக் காத்துக்கொள்வதால் அதிகம் தெறிக்கும் என்ற அச்சம் எழுந்தது. ஜெர்மனியின் டெவா சோதனை நிறுவனம் இதைச் சோதித்து 2011-இல் அளித்த அறிக்கையிலிருந்து, ஈயமில்லாக் குண்டுகளைப் பொதுவாகவே அதிக ஆபத்தானவை என்று ஒதுக்கக் காரணம் கிடைக்கவில்லை. அச்சம் மிகைப்பட்டது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் தெறித்தபின் செம்புக் குண்டில் எஞ்சும் எடை அதிகம் என்பதை மறுக்க முடியாது. விலங்கைத் துளைத்து வெளியேறும் வாய்ப்பும் அதற்குக் கூடுதல் என்பதால், விலங்கின் பின்புறம் என்ன இருக்கிறது என்ற கேள்வி இங்கே இன்னும் கடுமையாகிறது.

உண்மையில் குண்டின் வகையைவிட விழும் கோணமே பெரிது. குளத்தில் வீசிய ஓட்டாஞ்சில்லைப் போலக் குண்டும் தண்ணீரில் தத்தும். கோள வடிவக் குண்டுகளுக்கு, 18-ஐ உலோகத்தின் ஒப்படர்த்தியின் (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பதன்) வர்க்கமூலத்தால் வகுத்தால் தத்துவதற்கான உச்சக் கோணம் டிகிரியில் கிடைக்கும் என்பது பழைய விதி. அதன்படி ஈயத்துக்கு ஏறத்தாழ 5.3 டிகிரி, செம்புக்கு 6 டிகிரி. நீண்ட ரைஃபிள் குண்டுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் வேட்டைக்களத்தின் கோணங்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நின்றுகொண்டு, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, 50 மீட்டர் தொலைவிலுள்ள தரைப்புள்ளியை நோக்கிச் சுட்டால் கோணம் 1.7 டிகிரிதான். நான்கு மீட்டர் பரணில் ஏறிச் சுட்டாலும் அதே தொலைவில் 4.6 டிகிரி, 100 மீட்டரில் 2.3 டிகிரி. பரண் உதவுகிறது, ஆனால் நாம் எண்ணிக்கொள்ளும் அளவுக்கு அல்ல.

மோதிய பின் செல்லும் பாதையும் ஒன்றாக இருப்பதில்லை. கடினப் பாறையில் பட்ட ஈயம் விழுந்த கோணத்தைவிடத் தாழ்வாக, தரையை ஒட்டிப் போகும். மண்ணிலும் தண்ணீரிலும் பட்டது விழுந்ததைவிடச் செங்குத்தாக எழும்.

கனமான, மெதுவான குண்டு பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் சில பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைஃபிளைத் தடுத்து, சிதறுகுண்டுத் துப்பாக்கியான ஷாட்கனில் போடும் ஒற்றைப் பெருங்குண்டான ஸ்லக்கை மட்டும் அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்காக 2007-இல் செய்யப்பட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. மேல்நோக்கிச் சுடும்போது ரைஃபிள் குண்டுதான் வெகுதூரம் போகிறது. தரைக்கு இணையாகச் சுட்டு, தெறித்தபின் செல்லும் தூரத்தையும் சேர்த்தாலோ, ஸ்லக் அதை முந்திவிடுகிறது.