ஆறரை மணி இட்லி: கோவை முதியோர் இல்லம், மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தைப் பற்றி நண்பர் ஒருவர், “அப்பாவ அங்க சேர்க்கலாமா?” என்று கேட்டார். அதே வாரம், அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் 8 சதவீதம் கூடுகிறது என்று இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. கீழே காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அது கடிதத்தின் கைங்கரியம்.

கோவைப் புறநகரில் உள்ள அசிஸ்டட் லிவிங் இல்லம். பெயர் வேண்டாம். ஒற்றை அறை, இரவிலும் நர்ஸ், வாரம் இரண்டு நாள் பிசியோ, துணி துவைத்துத் தருவது எல்லாம் பிரோஷரில் சொன்னபடியே நடக்கின்றன. குளியலறையைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்து கிடந்தாலும் திறந்துவிடலாம். கைப்பிடிகளைச் சுவரில் துளை போட்டு ஸ்க்ரூவால் இறுக்கியிருக்கிறார்கள், ரப்பர் கப்பில் ஒட்டி நிற்கும் ரகம் கிடையாது. குளியலறைக்கு முழு மார்க். மேலே போகலாம்.

இரவுச் சாப்பாடு மாலை 6:30க்கு. 7:15க்கு டைனிங் ஹால் பூட்டிவிடுவார்கள். மறுநாள் காலை 6 மணிக்குச் சர்க்கரை போடாத காபி, 8:15க்கு டிபன். நடுவில் பதின்மூன்றே முக்கால் மணி நேரம். ரம்ஜான் நோன்பும் நம் ஊரில் ஏறத்தாழ இந்த நீளம்தான். சர்க்கரை நோய் உள்ளவர் நோன்பு பிடிப்பதாகச் சொன்னால், விவரம் தெரிந்த டாக்டர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே மாற்றிக் கொடுப்பார். இங்கே வருடம் 365 ராத்திரியும் அதே நோன்பு. மாத்திரையை யாரும் மாற்றுவதில்லை, அது நோன்பு என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

பட்டினி எல்லோரையும் ஒரே மாதிரி தாக்காது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுப்பவருக்குச் சுகர் அபாயமாக இறங்குவது அபூர்வம். சிக்கல் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளில். இவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். வயதில் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். வீட்டில் பலருக்கு இது தெரியாததற்குக் காரணம், மாத்திரையின் பெயரில் கிளிமிபிரைடு என்ற சொல்லே இருக்காது. பெயருக்குப் பின்னால் ‘ஜிபி 1’, ‘ஜிபி 2’, ‘எம் 1’, ‘எம் 2’ என்று ஒரு எண் மட்டும் நிற்கும். பெரும்பாலும் அந்த எண்தான் கிளிமிபிரைடின் மில்லிகிராம். ‘அம்மா சாதாரண சுகர் மாத்திரைதான் சாப்பிடுறாங்க’ என்று சொல்கிறவர்கள் ஸ்ட்ரிப்பின் பின்பக்கப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மாத்திரை கொடுப்பது நர்ஸ், சாப்பாடு போடுவது கேட்டரிங் ஒப்பந்தக்காரர். இரண்டும் வேறு வேறு நிர்வாகம். 6 மணிக்கு நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து சார்ட்டில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். 6:30க்குத் தட்டில் மூன்று இட்லி வைத்து, பெரியவர் ஒன்றரையைப் பிட்டுவிட்டு எழுந்துவிட்டால், அது பரிமாறுகிறவருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியாது. முழுச் சாப்பாட்டுக்கான மாத்திரை உள்ளே, பாதிச் சாப்பாடு வயிற்றில், எதிரே நீண்ட இரவு.

நள்ளிரவில் சுகர் 70க்குக் கீழே போனால் இளையவர்களுக்குக் கை நடுங்கும், படபடக்கும், எழுந்துவிடுவார்கள். பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை எடுக்கும் முதியவருக்கு அந்த நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். தலையணை நனைந்திருப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி, ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, பாத்ரூம் போகும் வழியில் விழுவது இவையெல்லாம் ‘வயசாச்சுல்ல, மறதி’ என்ற ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. புது இடத்துக்கு வந்த முதல் மாதமானால் ‘இடம் மாறின குழப்பம்’ என்ற இன்னொரு சமாதானமும் தயார். இடம் மாறினால் குழப்பம் வருவது உண்மைதான். அதனாலேயே இது அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இல்லத்தில் சுகர் பார்ப்பது காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில், வாரம் ஒருமுறை. அந்த எண் அழகாகவே வரும். அதிகாலை 3 மணிக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது. சேர்த்த முதல் இரண்டு வாரத்தில் படுக்கும் நேரத்திலும், ஒன்றுவிட்டு ஒரு நாள் 3 மணிக்கும் பார்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்றால் கையில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளக்கும் 14 நாள் சென்சார் நல்ல வழி. ஒரு எச்சரிக்கை: சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்தால் அந்த அழுத்தத்திலேயே எண் பொய்யாகக் குறைந்து காட்டும். குறைவாகக் காட்டினால் விரலில் குத்தி உறுதி செய்யச் சொல்லுங்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆறரை மணிக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். “எட்டேகாலுக்குக் கடைசி பஸ்ஸுங்க, அத விட்டா ஆட்டோதான்” என்கிறார்கள். ஐம்பது தட்டு கழுவி அடுப்படியைத் துடைத்துவிட்டு அந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இந்த நேரம் வரப்பிரசாதமும்கூட; படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடச் சொல்லித்தான் டாக்டரும் சொல்கிறார். இதெல்லாம் புரிகிறது. புரிந்த பிறகும், கட்டணத்தை 8 சதவீதம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு எட்டரை மணிக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யத் தெரியாதா என்ற கேள்வி போகமாட்டேன் என்கிறது.

சாப்பாட்டை அறைக்கு வரவழைப்பது பலிக்காது. 6:30க்கு வந்த இட்லி 8 மணிக்குக் கல்லாகிவிடும், சட்னி புளித்துவிடும். ஹாட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தால் இட்லி பிழைக்கும், ஆனால் திறந்து எடுத்து வைக்க ஆள் வேண்டும்.

பலித்தது இரவு 9 மணிப் பால். 150 மில்லி பால், இரண்டு மேரி பிஸ்கட், பல் இருந்தால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இல்லையென்றால் ஒரு சத்துமாவு உருண்டை. வாயால் சொன்னால் மூன்று நாள் நடக்கும்; டியூட்டி மாறியதும் நின்றுவிடும். மருந்து சார்ட்டிலேயே மாத்திரை மாதிரி ஒரு வரியாக ஏற்ற வேண்டும்: ‘இரவு 9: பால் + பிஸ்கட். குடித்து முடித்தபின் டிக்.’ டிக் போடும் கட்டம் இருந்தால்தான் நர்ஸ் செய்வார், அது அவர் வேலையின் இயல்பு. அதற்குப் பக்கத்தில் ‘இரவு உணவு: முழு / பாதி / இல்லை’ என்று இன்னொரு கட்டம். பாதி அல்லது இல்லை என்றால், அல்லது படுக்கும்போது சுகர் 100க்குக் கீழே இருந்தால், நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டர் கையெழுத்தோடு எழுதி வாங்கி ஒட்டிவிடுங்கள். மாலை டோஸ் தேவையா என்று கேட்க வேண்டியதும் அந்த டாக்டரிடம்தான். எண்பது வயதில், நாலு வியாதியோடு, கிளிமிபிரைடு எடுத்துக்கொண்டு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எண்) 6.2 என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வயதில் 8க்குள் இருந்தால் போதும் என்று டாக்டர்களே இலக்கைத் தளர்த்துகிறார்கள்.

கட்டில் பக்க டிராயரில் குளுக்கோஸ் பவுடர் டப்பா கட்டாயம். சுகர் இறங்கினால் 15 கிராம், அதாவது குவித்த மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆள் முழிப்பாக, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மாத்திரையில், குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதமாக்கும் வோக்லிபோஸ் கலந்திருந்தால் வீட்டுச் சர்க்கரையும் சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ் மட்டும்தான். இதைத் தெரிந்த அட்டெண்டரை இன்னும் பார்க்கவில்லை. கிளிமிபிரைடால் இறங்கிய சுகர் ஒருமுறை ஏறினாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ‘சரியாயிடுச்சு, தூங்கட்டும்’ என்று விடக்கூடாது.

இட்லிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 55 கிலோ எடையுள்ள முதியவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 55 கிராம் புரதம் வேண்டும். மூன்று இட்லியில் ஆறேழு கிராம்தான் தேறும். சேர்த்த நாளில் எடை பார்த்து எழுதி, வாராவாரம் ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 55 கிலோவில் இரண்டே முக்கால் கிலோ, ‘இடம் பழகலை’ என்று விடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

குடிபெயரும்போது மாத்திரையை வாரப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். ஸ்ட்ரிப்போடு, மருந்தின் ஜெனரிக் பெயர் எழுதிய பட்டியலோடு கொடுங்கள். இல்லத்துப் பார்மசி அதே மருந்தை வேறு பிராண்டில் தரும். வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய ஸ்ட்ரிப்பும் அலமாரியில் இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவது அடிக்கடி நடப்பது. வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கம் இறங்கிப் பாத்ரூம் போவாரோ அதே பக்கம் இறங்குகிற மாதிரி இங்கேயும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். காலையில் கூட்டிப்போங்கள், இருட்டுவதற்குள் அறை கண்ணுக்குப் பழகிவிடும். புதுச் செருப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு திட்டியபின் தாழ்வாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். அறுபது மீட்டர் தாழ்வாரம், இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி, பத்துப் பன்னிரண்டு அடி வைத்தால் ஒரு நாற்காலி. எல்லா நாற்காலிக்கும் கை உண்டு, உட்காரும் உயரம் 18 அங்குலம், கால்கள் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. முட்டி வலிக்காரர்கள் நடப்பதை நிறுத்துவதற்கு வலியைவிடப் பெரிய காரணம் பயம்: நடுவழியில் முடியாமல் போனால் எங்கே உட்காருவது? பத்தடியில் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் போய்விடுகிறது. பிசியோ கெஞ்சினாலும் எழுந்திருக்காதவர்கள் சாயங்காலம் நாற்காலி நாற்காலியாக, ஊர்க்கதை பேசிக்கொண்டே ஐந்து சுற்றுப் போய்விடுகிறார்கள். பிரோஷரில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீச்சல் குளத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள், அதில் இதுவரை ஒருவரும் இறங்கியதில்லை.

மார்க் கேட்டால் ஐந்துக்கு நான்கு. நண்பருக்குச் சொன்ன பதில் ‘வேண்டாம்’. அவர் அப்பா ‘ஜிபி 2’ இரண்டு வேளை எடுப்பவர், அவருக்கு அந்த நான்கு மார்க் உதவாது. அம்மாவை அங்கிருந்து மாற்றும் எண்ணம் இல்லை. 9 மணிக் கட்டத்தில் டிக் விழுந்துகொண்டிருக்கிறது, மாலை டோஸையும் டாக்டர் நிறுத்திவிட்டார்.

நீங்களே போய்ப் பார்ப்பதானால், அவர்கள் கூப்பிடும் காலை 11 மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். சொல்லாமல் 6:20க்குப் போய், டைனிங் ஹாலில் ஒரு ஓரமாக உட்காருங்கள். தட்டுகள் திரும்பி வரும்போது எத்தனை இட்லி மிச்சம் இருக்கிறது, அதை யாராவது எங்கேயாவது எழுதுகிறார்களா என்று பாருங்கள்.