வீட்டு வீடியோ: எடிட்டிங்கைப் போனிலேயே முடிக்கலாமா, லேப்டாப்புக்குப் போகலாமா?

வீட்டு விசேஷங்களைத் தாங்களே வீடியோ எடுத்துத் தொகுக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "என்ன கேமரா வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். சோனி இசட்வி-இ10 மாதிரி ஒரு கேமராவில் படம் போனைவிட நன்றாகத்தான் வரும், அதுவும் மங்கிய வெளிச்சத்தில். ஆனால் பழகுகிற காலத்தில் வீடியோ கெடுவது கை ஆட்டத்தாலும், முடிக்கத் தெரியாமல் நீண்டுபோகும் ஷாட்டாலும், காற்றிரைச்சலில் அமுங்கிப்போகும் பேச்சாலும்தான். கேமராவை மாற்றினால் இவை சரியாகாது. நான் கேமராவை இரவல் வாங்கித்தான் ஓட்டியிருக்கிறேன் என்பதால், லென்ஸ் வாங்குவது பற்றி ஆழமாகப் பேசமாட்டேன்.

ஆக, எடுப்பது போனில். வெட்டி ஒட்டுவது அதே போனிலா, லேப்டாப்பிலா? இரண்டிலும் செய்துவிட்டு லேப்டாப் பக்கம் வந்தவன் நான்.

போனில் கைன்மாஸ்டர், இன்ஷாட் போன்ற ஆப்கள் இருக்கின்றன. (கேப்கட் இந்தியாவில் கிடைக்காது.) ஒரு மாலை உட்கார்ந்தால் வெட்டுவது, பாட்டு சேர்ப்பது, எழுத்து போடுவது எல்லாம் பிடிபட்டுவிடும். இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் (படத்தின் மேல் ஆப்பின் முத்திரை) விழும், அவ்வளவுதான். லேப்டாப்பில் நான் வைத்திருப்பது டாவின்சி ரிசால்வ். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்துடையது. இலவசப் பதிப்பிலேயே 4கே என்கிற மிகத் துல்லியமான படம் வரை வெளியே எடுக்கலாம், காசு கட்ட வேண்டிய எஃபெக்டுகளைத் தொடாதவரை வாட்டர்மார்க் கிடையாது. திறந்ததும் கீழே ஏழு பக்கங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து மிரள வேண்டாம். வெட்ட 'எடிட்', முடிந்ததை ஃபைலாக்க 'டெலிவர்'. தொடக்கத்துக்கு இந்த இரண்டும் போதும். 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே என்றால் கிளிப்புகளுக்குச் சின்ன நகல் எடுத்துக்கொண்டு வேலை பார்க்கும் 'ப்ராக்ஸி' வசதி கைகொடுக்கும்.

வேகம், வசதி இரண்டிலும் போன்தான் முன்னால் நிற்கிறது. அப்புறம் ஏன் லேப்டாப்? எடுத்த கிளிப்புகளின் கதி என்ன என்ற ஒரே காரணத்துக்காக.

கடைக்கு விளம்பரம் செய்பவருக்கு வீடியோ போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது. வீட்டு வீடியோ அப்படியில்லை, திரும்பத் திரும்பக் கேட்பார்கள். என் சித்தி மகன் ஒரு காதுகுத்தைப் போனிலேயே எடுத்து, போனிலேயே தொகுத்தான். அழகான மூன்று நிமிட வீடியோ. மாமன் மடியில் குழந்தை வீறிடுகிறது, பாட்டி தாலாட்டில் ஒரு வரி பாடுகிறார், உடனே சினிமாப் பாட்டு ஏறிவிடுகிறது. மறு வருஷம் துபாயிலிருந்து அக்கா போன் செய்து, "தம்பி, பாட்டி பாடுனத மட்டும் முழுசா அனுப்புடா" என்றார். ஆப்பில் சேமித்திருந்த ப்ராஜெக்டைத் திறந்தால், கிளிப்புகள் வரிசையாக நிற்கும் டைம்லைனில் கறுப்புக் கட்டங்கள். போனில் இடம் போதாமல் கேலரியில் பழசையெல்லாம் அழித்திருந்தான். பெரும்பாலான போன் ஆப்களின் ப்ராஜெக்டில் வீடியோ இருப்பதில்லை, அது கேலரியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். கேலரியில் போனால் ப்ராஜெக்டிலும் போயிற்று. ஆப்பையே நீக்கினால் ப்ராஜெக்டும் சேர்ந்து போகும்.

போன் நிரம்புவதற்கு நாளாகாது. ஐபோனின் செட்டிங்ஸிலேயே போட்டிருக்கிறார்கள்: 1080பி (4கேயைவிடக் குறைந்த, சாதாரண எச்டி தரம்), நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படங்கள் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே என்றால் 170 எம்பி, அதாவது மணிக்குப் பத்து ஜிபிக்கு மேல். கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்ட காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்துவிட்டது. இப்போது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான்.

லேப்டாப்பில் இந்த வேலை தானாகவே ஒழுங்குக்கு வருகிறது. விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர், தேதியைப் பெயராகப் போட்டு ஹார்ட் டிஸ்கில். 1080பியில் எடுத்தால் 1 டிபி டிஸ்கில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் தாராளமாக அடங்கும். ரிசால்வும் கிளிப்பைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, டிஸ்கைக் கழற்றினால் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று நிற்கும். ஆனால் மறுபடி செருகி ஃபோல்டரைக் காட்டினால் எல்லாம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இன்னொரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ரிசால்வ் ப்ராஜெக்ட் உங்கள் ஃபோல்டரில் இருக்காது, அதன் சொந்த லைப்ரரிக்குள் இருக்கும். வீடியோ முடிந்ததும் ப்ராஜெக்ட் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து, 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்' கொடுங்கள். கிளிப்புகளும் டைம்லைனும் ஒரே மூட்டையாக வெளியே வரும். அதை இரண்டாவது டிஸ்கிலும் ஒரு நகல் போட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் தாலாட்டை முழுசாகக் கொடுக்கலாம். கைன்மாஸ்டரிலும் ப்ராஜெக்டை வெளியே எடுக்க வழி உண்டு. ஆனால் போனில் வேலை செய்பவர்கள் அதைத் தேடிப் போய்ச் செய்து நான் பார்த்ததில்லை.

லேப்டாப் வழியில் தொல்லையும் உண்டு. போன் கேமரா 30 ஃபிரேம் என்று சொன்னாலும் சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏற்ற இறக்கம் இருக்கும். நீளமான கிளிப்பில் போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும். ரிசால்வில் முதல் கிளிப்பைப் போடும்போது ப்ராஜெக்டின் ஃபிரேம்ரேட்டை மாற்றவா என்று கேட்டால் படித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பிறகு மாற்ற விடாது.

எந்த வழி என்றாலும் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டபத்து விளக்கில் 30 ஃபிரேமில் எடுத்தால் படம் மினுங்கக்கூடும். 25 ஃபிரேமுக்கு மாற்றுங்கள், அல்லது ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 நொடியில் நிறுத்துங்கள். ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் 'ஷோ பிஏஎல் ஃபார்மட்ஸ்' போட்டால்தான் 25 கண்ணில் படும்.

ஸ்டேட்டஸுக்கு அரை நிமிடம் போடுவதுதான் உங்கள் தேவை என்றால் போனே போதும், லேப்டாப் வாங்கக் கடன்பட வேண்டாம். கிளிப்புகளை மட்டும் மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி கூடவே வருகிறது. அதில் நான் கொஞ்சம்தான் வெட்டிப் பார்த்திருக்கிறேன், கற்றுக்கொள்ள ரிசால்வைவிடச் சுலபமாகத் தோன்றியது.